அடுத்து எதைப் பார்ப்பது? தமிழ்த் தொடர்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடும்பத்திலும் நட்பு வட்டத்திலும் தொடர் பார்க்காதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒருவருக்கு ஒன்று முடிந்துவிட்டால் மறுநாள் எனக்குத் தொலைபேசி வரும். அவர்களுக்கு வாய்மொழியாகச் சொல்லிவந்த விடைகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். எந்தத் தொடரின் முடிவையும் இதில் சொல்லவில்லை. ஆகவே அச்சமின்றிப் படிக்கலாம்.

ஆசையாகப் பார்த்த தொடர் முடிந்துவிட்டது. அடுத்ததை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பெரும்பாலோர் கதையின் வகையைப் பிடித்துக்கொண்டு தேடுகிறார்கள். குற்றக் கதை பிடித்திருந்தால் இன்னொரு குற்றக் கதை, குடும்பக் கதை பிடித்திருந்தால் இன்னொரு குடும்பக் கதை என்று போகிறார்கள். இணையவழியில் தொடர்களைக் காட்டும் ஓடிடி தளங்கள் தாமாகத் தரும் பரிந்துரைகளிலும் இந்தப் போக்கையே பார்க்கிறோம். என் அனுபவத்தில் இது பாதி நேரம் ஏமாற்றத்தில்தான் முடிகிறது.

என் அக்கா ‘சுழல்’ தொடரின் முதல் பருவத்தை இரண்டே நாளில் பார்த்து முடித்தார். “இதே மாதிரி இன்னொன்று சொல்லுடா” என்றார். நானும் யோசிக்காமல் ‘விலங்கு’ தொடரைச் சொன்னேன். இரண்டும் தமிழ், இரண்டும் காவல்துறை விசாரணை, இரண்டும் 2022இல் வந்தவை. பொருத்தத்துக்கு வேறென்ன வேண்டும்? இரண்டாவது எபிசோடிலேயே நிறுத்திவிட்டு மறுபடி அழைத்தார். “போலீஸ் ஸ்டேஷனைப் பார்க்கவா நான் உட்கார்ந்தேன்? அதில் திருவிழா வந்ததே, வேஷம் கட்டிக்கொண்டு ஊரே இறங்கியதே, அதைத்தானே கேட்டேன்” என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ‘சுழல்’ தொடரில் சாம்பலூர் என்னும் கற்பனை ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா ஒருபுறம் நடந்துகொண்டே இருக்க, மறுபுறம் ஒரு பெண் காணாமல்போன வழக்கு நகர்கிறது. அக்காவை இழுத்துப் பிடித்தது அந்த ஊர். வழக்கு அவருக்கு இரண்டாம்பட்சம். அடுத்ததாக ‘அயலி’யைச் சொன்னேன். அதில் கொலையும் இல்லை, விசாரணையும் இல்லை. ஆனால் ஓர் ஊரும் அதன் தெய்வமும் கட்டுப்பாடும் முழுதாக இருக்கின்றன. ஒரே இரவில் எட்டு எபிசோடையும் முடித்துவிட்டு மறுநாள் கண் சிவக்க வந்து நின்றார்.

ஆகவே உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஒவ்வொரு எபிசோடின் முடிவிலும் எதைத் தெரிந்துகொள்ளக் காத்திருந்தீர்கள்? யார் கொன்றது என்பதற்கா, அந்த மருமகள் இன்றைக்காவது எதிர்த்துப் பேசுவாளா என்பதற்கா, அல்லது அந்த வீட்டுத் திண்ணையில் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கலாமே என்பதற்கா? விடை கிடைத்ததும், தொடக்கத்தில் நாம் எல்லோரும் தாண்டிவிடுகிற பெயர்ப் பட்டியலில் இயக்குநர் பெயரையும் கதை எழுதியவர் பெயரையும் பார்த்து வையுங்கள். ஒரே கையின் நடை வேறு கதைகளிலும் தொடரும். ஒரே வகைக் கதை வேறு கைக்குப் போனால் நடை மாறிவிடும்.

‘மர்மதேசம்’ போல இன்னொன்று இருக்கிறதா?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். 1990களில் பள்ளிப் பருவத்தைக் கழித்தவர்களிடம் ‘விடாது கருப்பு’ என்று சொன்னால் போதும், குதிரைக் குளம்பொலி கேட்டதுபோல நிமிர்ந்து உட்காருவார்கள்.

முதலில் அது என்ன செய்தது என்று பார்ப்போம். இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய கதைகளை, கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் ‘மர்மதேசம்’ என்ற பொதுத் தலைப்பில் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தது. அவற்றுள் ‘இரகசியம்’, ‘விடாது கருப்பு’ ஆகிய இரண்டையும் இயக்கியவர் நாகா. ஓர் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கும். அந்த நம்பிக்கைக்கு ஏற்றபடியே மரணங்கள் நிகழும். தெய்வம் தண்டிக்கிறதா, தெய்வத்தின் பெயரால் மனிதன் செய்கிறானா என்ற கேள்வியை ஒவ்வொரு வாரமும் தராசுத் தட்டு மாதிரி இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். பக்திமானும் பகுத்தறிவாளரும் ஒரே சோபாவில் அமர்ந்து, தத்தம் கட்சியே வெல்லும் என்று நம்பிப் பார்த்த தொடர் அது. வாரம் ஒருமுறைதான் வரும் என்பதால் இடைப்பட்ட நாட்களில் தெருவெல்லாம் துப்பறிந்தோம்.

இந்தத் தராசு ஆட்டம்தான் உங்களுக்குப் பிடித்தது என்றால், அடுத்து நீங்கள் பார்க்க வேண்டியது ‘இன்ஸ்பெக்டர் ரிஷி’. நந்தினி ஜே.எஸ். இயக்கிய இந்தப் பத்து எபிசோடுத் தொடர் 2024 மார்ச்சில் அமேசான் பிரைமில் வந்தது. தேன்காடு என்னும் மலைக்காட்டுப் பகுதியில் பிணங்கள் ஒருவகை நூலாம்படையால் சுற்றப்பட்டுக் கிடைக்கின்றன. காட்டைக் காக்கும் வனரட்சியின் வேலை என்கிறார்கள் ஊரார். நம்ப மறுக்கும் அதிகாரி ஒருவர் விசாரிக்கிறார். நவீன் சந்திரா நடித்திருக்கிறார். நடுவில் இரண்டு எபிசோடுகள் சற்று இழுவைதான் என்றாலும் கேள்வியைக் கடைசிவரை உயிரோடு வைத்திருக்கிறார்கள்.

நாகாவின் கைதான் வேண்டும் என்பவர்களுக்கு 2024 நல்ல ஆண்டாக அமைந்தது. செப்டம்பரில் ‘தலைவெட்டியான் பாளையம்’ அமேசான் பிரைமிலும், அக்டோபரில் ‘ஐந்தாம் வேதம்’ ஜீ5 தளத்திலும் வந்தன. இரண்டுமே அவர் இயக்கியவை. ‘ஐந்தாம் வேதம்’ பழைய பாணிப் புராண மர்மம். தாயின் இறுதிச் சடங்குக்காகக் காசிக்குப் போகும் பெண்ணிடம் ஒரு பழம்பொருள் வந்து சேர்கிறது. அதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவர வேண்டும். தன்ஷிகா முதன்மைப் பாத்திரம். தொடக்கத்தில் இருக்கும் பிடிப்பு, பின்பாதியில் விளக்கங்கள் பெருகப் பெருகக் குறைந்துபோகிறது என்பது என் கருத்து.

‘தலைவெட்டியான் பாளையம்’ முற்றிலும் வேறு, அது நகைச்சுவை. ஆனாலும் ‘விடாது கருப்பு’ ரசிகர்கள் அதைப் பார்க்கும்போது ஒரு சின்ன மகிழ்ச்சி காத்திருக்கிறது. அந்தப் பழைய தொடரில் இளம் நடிகர்களாக வந்த சேத்தனும் தேவதர்ஷினியும் பின்னர் திருமணம் செய்துகொண்டவர்கள். அதே இயக்குநரின் கையில், நரை ஓடிய வயதில், ஊராட்சி மன்றத்தைச் சுற்றிய கதையில் மறுபடியும் வருகிறார்கள். முதல் எபிசோடில் அவர்களைக் கண்டதும் என் மனைவி “ஐயோ, இவங்களா!” என்று கூவியதில் காபி சிந்தியது.

இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் காலமானார். அவர் கதையைப் புதிதாக அணுக விரும்பும் இளையவர்களுக்கு ‘விடாது கருப்பு’ தொடரையே முதலில் சொல்வேன். படத்தின் தெளிவும் ஒலியும் அக்காலத்தவைதான். இரண்டு எபிசோடு பொறுத்துக்கொண்டால் அதற்குப் பின் அந்தக் குறை கண்ணுக்கே தெரியாது.

‘மெட்டி ஒலி’, ‘கோலங்கள்’ போன்றவற்றை இப்போது முதலிலிருந்து பார்ப்பது சாத்தியமா?

சாத்தியம்தான். ஆனால் கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள். 2003 முதல் 2009 வரை ஓடிய ‘கோலங்கள்’ 1,533 எபிசோடுகள் கொண்டது. விளம்பரங்களை நீக்கிவிட்டு ஒன்றுக்கு இருபது நிமிடம் என்று வைத்தாலும் 511 மணி நேரம் ஆகிறது. தினம் ஒரு மணி நேரம் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு. 2002 முதல் 2005 வரை வந்த ‘மெட்டி ஒலி’ 800 எபிசோடுகளைச் சற்றே தாண்டியது. அதற்கு அதில் பாதிக் காலம் போதும்.

இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் ‘மெட்டி ஒலி’யைச் சொல்வேன். ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரம் என்ற தகப்பன், ஒவ்வொரு மகளையும் கட்டிக்கொடுத்துவிட்டு ஒவ்வொரு சம்பந்தி வீட்டு வாசலிலும் கைகட்டி நிற்கும் கதை. டெல்லி குமார் அந்தத் தகப்பனாக நடித்தது இன்றைக்கும் மனதை என்னவோ செய்கிறது. இயக்குநர் திருமுருகன் அதில் பாத்திரங்களைக் கெட்டவர், நல்லவர் என்று இரண்டாகப் பிரித்துவிடவில்லை. கொடுமைக்கார மாமியாருக்கும் ஓர் எபிசோடில் நியாயம் இருக்கும். போஸ் வெங்கட்டின் பெயருக்கு முன்னால் நிற்கும் ‘போஸ்’ அத்தொடரில் அவர் ஏற்ற பாத்திரத்தின் பெயர் என்பதிலிருந்தே அதன் வீச்சை அறியலாம். 2020இல் ஊரடங்கின்போது படப்பிடிப்புகள் நின்றுபோன நிலையில் சன் டிவி அதை மறுஒளிபரப்புச் செய்தது. முதல் ஒளிபரப்பின்போது பிறந்திராத பிள்ளைகள் தொடக்கப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு திரிந்ததை நானே பார்த்தேன்.

அது முடிந்த பிறகு திருமுருகனின் ‘நாதஸ்வரம்’ (2010 முதல் 2015 வரை) இருக்கிறது. கூட்டுக் குடும்பத்தின் அதே இரைச்சல், அதே வாஞ்சை.

‘எதிர்நீச்சல்’ பிடித்திருந்தது. அதன் இயக்குநர் வேறு என்ன எடுத்திருக்கிறார்?

‘கோலங்கள்’ இயக்கிய அதே திருச்செல்வம்தான் ‘எதிர்நீச்சல்’ எடுத்தார். முன்னதில் தொல்காப்பியன் என்ற பாத்திரத்தில் அவரே நடித்தும் இருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரு மாற்றம் தெரியும். ‘கோலங்கள்’ தொடரில் தேவயானி நடித்த அபி தனியொருத்தியாகக் குடும்பத்தையும் தொழிலையும் சுமக்கிறாள். எதிரி வெளியே, தொழிற்போட்டியில் இருக்கிறான். ‘எதிர்நீச்சல்’ 2022இல் தொடங்கியபோது எதிரி வீட்டுக்குள்ளேயே நாற்காலி போட்டு அமர்ந்திருந்தான்; எதிர்ப்பவர்களோ ஒரே சமையலறையில் நிற்கும் நான்கு மருமகள்கள். சுமை தனியாளிடமிருந்து கூட்டத்துக்கு மாறியதுதான் இருபதாண்டு இடைவெளியில் அவர் அடைந்த தூரம் என்று நினைக்கிறேன்.

அந்த வீட்டு எதிரியான ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று மாரடைப்பால் இறந்தார். அன்று காலை செய்தி வந்தபோது எங்கள் தெருவில் அவரைத் திட்டித் தீர்த்த பெண்கள்தாம் முதலில் கலங்கினார்கள். பிறகு அந்தப் பாத்திரத்தை எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி ஏற்றார். முதல் தொடர் 2024 ஜூனில் முடிந்தது. ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ அதே ஆண்டு டிசம்பரில் தொடங்கியது. அடுத்து எதைப் பார்ப்பது என்ற கேள்விக்கு அது நேர்விடையாகத் தோன்றினாலும், கொஞ்சம் இடைவெளி விட்டு, ‘கோலங்கள்’ தொடரின் முதல் ஐம்பது எபிசோடுகளைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்பதே என் யோசனை.

தொடரின் நடுவே நடிகர் மாறினால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. என்ன செய்வது?

“இனி இவருக்குப் பதில் இவர்” என்று ஒரு குரல் சொல்ல, இரண்டு புகைப்படங்கள் திரையில் வந்துபோகும். தமிழ்த் தொலைக்காட்சிக்கே உரிய இந்த நேர்மையை நான் ரசிக்கிறேன். மழுப்பாமல் சொல்லிவிடுகிறார்கள். ஒரு வாரம் பொறுங்கள். பத்து எபிசோடுக்குள் புதிய முகம் பழகிவிடும். பழகாவிட்டால், நீங்கள் பார்த்தது கதையை அல்ல, அந்த நடிகரை. அவர் அடுத்து எங்கே நடிக்கிறார் என்று பார்த்து அங்கே போய்விடுவதில் தவறில்லை.

மெகா தொடர்கள் ஏன் இவ்வளவு இழுக்கின்றன? ஓர் அறையைக் கடக்கவே ஒரு வாரம் ஆகிறதே?

அரை மணி நேர ஒளிபரப்பில் விளம்பரம், தொடக்கப் பாட்டு, நேற்றைய சுருக்கம் எல்லாம் போக இருபது நிமிடம் மிச்சம். வாரத்துக்கு ஆறு நாள் அதை நிரப்ப வேண்டும். படப்பிடிப்புக்கும் ஒளிபரப்புக்கும் இடையே பெரும்பாலும் அதிக நாள் இருப்பதில்லை. எவ்வளவு பேர் பார்த்தார்கள் என்று காட்டும் டிஆர்பி எண்ணை வாரந்தோறும் பார்த்து, எந்தப் பாத்திரம் ஏறியதோ அதை நீட்டுவார்கள். எது இறங்கியதோ அதை வெளியூருக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு முடிச்சை அவிழ்த்தால் அடுத்த முடிச்சு போடப்படும்வரை சோர்வு தட்டும் என்பதால் அவிழ்ப்பதைத் தள்ளிப்போடுகிறார்கள். அறைக்குள் நுழைந்தவரின் முகத்தை மூன்று முறை இடியோசையுடன் காட்டுவதும், ‘மகா சங்கமம்’ என்று இரண்டு தொடர்களின் குடும்பங்களை ஒரே கல்யாண மண்டபத்தில் கூட்டுவதும் இந்த நெருக்கடியில் பிறந்த உத்திகளே.

இன்னொரு காரணமும் உண்டு. அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. இந்தத் தொடர்கள் முழுக் கவனத்தோடு பார்ப்பதற்காக எடுக்கப்படவில்லை. கீரை ஆய்ந்துகொண்டும், பேரனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டும், தோசைக்கல்லின் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டும் பார்ப்பவர்களுக்கானவை அவை. அடுப்படியில் நிற்பவருக்கும் கேட்கும்படி எல்லாவற்றையும் வாயால் சொல்லிவிட வேண்டும், ஒருமுறை தவறினாலும் புரியும்படி திரும்பவும் சொல்ல வேண்டும். வானொலி நாடகத்தின் இலக்கணம் அது. இந்த இலக்கணத்தை மறந்துவிட்டு, இருட்டறையில் அமர்ந்து இணையத் தொடர் பார்ப்பதுபோல அதைப் பார்த்தால் எரிச்சல்தான் மிஞ்சும்.

‘சுழல்’ முடித்துவிட்டேன், எனக்கு விசாரணைதான் முக்கியம். அடுத்து?

இரண்டாம் பருவம் 2025 பிப்ரவரியில் வந்துவிட்டது. அதில் அஷ்டகாளித் திருவிழா பின்னணி. முதலாவதன் வேகத்தை எதிர்பார்க்காமல் பாருங்கள்.

அதன் பிறகு ‘வதந்தி’. ஆண்ட்ரூ லூயிஸ் இயக்கம், எஸ்.ஜே. சூர்யா நடிப்பு, கன்னியாகுமரி வட்டாரம், 2022 டிசம்பர், எட்டு எபிசோடுகள். வெலோனி என்ற பெண் இறந்துகிடக்கிறாள். அவளைப் பற்றிப் பேசுகிற ஒவ்வொருவரும் ஒவ்வொரு வெலோனியைச் சொல்கிறார்கள். விசாரிக்கும் உதவி ஆய்வாளர் கடைசியில் அவளைப் பற்றிய பேச்சுகளுக்குள் தானே தொலைந்துபோகும் நிலைக்கு வருகிறார். செத்துப்போன பெண்ணைப் பற்றி நம் ஊரும் செய்தித்தாளும் எப்படிப் பேசும் என்பதை இவ்வளவு கூர்மையாகக் காட்டிய தமிழ்த் தொடர் வேறில்லை என்பேன்.

அக்கா ஒதுக்கிய ‘விலங்கு’ உங்களுக்கானதுதான். பிரசாந்த் பாண்டியராஜ் இயக்கிய ஏழு எபிசோடுகள். விமல் உதவி ஆய்வாளர் பரிதியாக வருகிறார். காவல் நிலையத்தின் அன்றாட அலுப்பு, மேலதிகாரியின் வசவு, பிரசவத்துக்குப் போயிருக்கும் மனைவியின் தொலைபேசி ஆகியவற்றுக்கு நடுவே வழக்கு மெல்ல இறுகுகிறது. வன்முறைக் காட்சிகள் கடுமையானவை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

மலையாளத்துக்குப் போகலாம் என்றால் 2023இல் வந்த ‘கேரளா கிரைம் ஃபைல்ஸ்’ தொடரின் முதல் பருவம். ஆறே எபிசோடு. லாட்ஜ் பதிவேட்டில் ‘ஷிஜு, பாறயில் வீடு, நீண்டகரா’ என்று ஒரு முகவரி; அதுவும் பொய் முகவரி. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஆறு காவலர்கள் அலைகிறார்கள். தமிழிலும் கிடைக்கிறது.

ரத்தமும் கொலையும் வேண்டாம். வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்கும்படி சொல்லுங்கள்.

முதலில் ‘அயலி’. முத்துக்குமார் இயக்கத்தில் 2023 ஜனவரி 26 அன்று ஜீ5 தளத்தில் வந்தது. 1990ஆம் ஆண்டு, புதுக்கோட்டைப் பக்கம் வீரப்பண்ணை என்னும் ஊர். பெண் பூப்பெய்திவிட்டால் படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துவிட வேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. டாக்டராக வேண்டும் என்று ஆசைப்படும் தமிழ்ச்செல்வி, தான் பூப்பெய்தியதையே மறைத்துவிடுகிறாள். கேட்பதற்குக் கனமான விஷயமாகத் தோன்றினாலும் பெரும்பகுதி சிரித்துக்கொண்டே பார்க்கலாம். ஒரு மகள் உண்மையை மறைக்க எத்தனை தந்திரம் செய்ய வேண்டியிருக்கிறது என்பதைப் பார்த்துப் பெண்கள் சிரிப்பார்கள். ஆண்கள் அச்சிரிப்பைக் கேட்டுச் சற்றே அமைதியாவார்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. மாதவிலக்கைப் பற்றிப் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது என்று தயங்குகிறவர்களுக்கு இது பாதி வேலையைச் செய்து கொடுத்துவிடும்.

அடுத்தது மேலே சொன்ன ‘தலைவெட்டியான் பாளையம்’. மூன்றாவது ‘ஸ்வீட் காரம் காபி’: பாட்டி, மருமகள், பேத்தி ஆகிய மூவரும் வீட்டில் சொல்லாமல் காரில் கிளம்பிவிடுகிறார்கள். பாட்டியாக லட்சுமி, மருமகளாக மதுபாலா. கதை சற்று இனிப்பு தூக்கலானதுதான், பெயருக்கேற்றபடி.

எட்டு எபிசோடு எனக்குப் போதவில்லை. தினமும் கொஞ்சம் வேண்டும். ஆனால் மெகா தொடரின் அழுகையும் வேண்டாம்.

இந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் 2024இல் தொடங்கிய ‘ஹார்ட் பீட்’. மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர்களின் கதை. தீபா பாலுவும் அனுமோளும் முதன்மைப் பாத்திரங்கள். ஒரே நாளில் கொட்டிவிடாமல் வாராவாரம் சில எபிசோடுகளாக வெளியிட்டு நீண்ட நாள் ஓட்டினார்கள். யார் யாருக்கு என்ன உறவு என்ற மெகா தொடர் முடிச்சு இதிலும் உண்டு. ஆனால் அழுகைக்கு நடுவே வேலையும் நட்பும் கேலியும் இருக்கின்றன. தொலைக்காட்சியிலேயே பார்ப்பதானால் 2023இல் தொடங்கிய ‘சிறகடிக்க ஆசை’. பூக்கட்டும் மீனாவும் கார் ஓட்டும் முத்துவும் சண்டைபோட்டுச் சமாதானம் ஆவதைப் பார்ப்பதற்காகவே எங்கள் பால்காரர் அந்த நேரத்தில் தொலைபேசியை எடுப்பதில்லை.

மறுஆக்கம் பார்ப்பதா, மூலத்தைப் பார்ப்பதா?

எது உங்கள் கைக்கு முதலில் வருகிறதோ அதைப் பாருங்கள். பிறகு மற்றதைப் பார்த்தால் ஒப்பிட்டு ரசிக்கலாம். ‘தலைவெட்டியான் பாளையம்’ இந்தியில் 2020இல் தொடங்கிய ‘பஞ்சாயத்’ தொடரின் தமிழ் வடிவம். காட்சிக்குக் காட்சி மூலத்தை ஒட்டியே போகிறது என்ற குறை நியாயமானதுதான். ஆனால் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட தலைவர் பதவியில் கணவர் அமர்ந்து அதிகாரம் செய்வது எந்த மொழியிலும் பொருந்திப்போவதால் ஒட்டுப்போட்டது போலத் தெரியவில்லை. ‘பாக்கியலட்சுமி’ என்ற தமிழ்த் தொடருக்கு மூலமாக அமைந்தது ஒரு வங்காள மொழித் தொடர், அதுவேதான் இந்தியில் ‘அனுபமா’ ஆனது. தமிழிலிருந்தும் கதைகள் வெளியே போகின்றன: நான்கு அண்ணன் தம்பிகளும் ஒரு மளிகைக் கடையுமாக 2018இல் தொடங்கிய ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ இந்தியில் ‘பாண்டியா ஸ்டோர்’ ஆயிற்று.

ஒரே மூச்சில் பார்ப்பது நல்லதா, நாளுக்கு ஒன்றாகப் பார்ப்பது நல்லதா?

விசாரணைக் கதையை இரண்டு மூன்று நாளுக்குள் முடிப்பதே நல்லது. துப்புகள் மறந்துபோனால் முடிவு வலுவிழந்துவிடும். குடும்பக் கதையையும் நகைச்சுவையையும் ஒரே மூச்சில் விழுங்கினால் திகட்டும். இரவு பதினொரு மணிக்கு மேல் “இன்னும் ஒன்றே ஒன்று” என்று தொடங்கிய எந்த எபிசோடும் மறுநாள் நினைவில் நின்றதில்லை.

எத்தனை எபிசோடு பார்த்த பிறகு ஒரு தொடரைக் கைவிடலாம்?

எட்டு எபிசோடுத் தொடர் என்றால் இரண்டு. மெகா தொடர் என்றால் இரண்டு வாரம். அதற்கு மேல் கடமைக்காகப் பார்ப்பது வேண்டாம். ஒரு விதிவிலக்கு: நம்பிக்கையானவர் ஒருவர் “மூன்றாவதில் சூடு பிடிக்கும்” என்று குறிப்பாக எண் சொல்லியிருந்தால் அதுவரை போகலாம். “போகப் போக நன்றாக இருக்கும்” என்று பொதுவாகச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

பார்க்காதவர்கள் இருக்கும் இடத்தில் தொடரைப் பற்றி எப்படிப் பேசுவது?

கதையை உடைத்துவிட்டு “சொல்லிட்டேனா, சாரி” என்பவர்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. எங்கள் வீட்டில் அது சித்தப்பா. முதலில் “எந்த எபிசோடு வரை வந்திருக்கிறீர்கள்?” என்று கேட்டுவிட்டுப் பேசத் தொடங்கினாலே பாதித் தகராறு தீரும். “கடைசியில் ஒரு திருப்பம் இருக்கிறது” என்பதும் உடைப்புதான். கேட்டவர் அதன் பிறகு கதையைப் பார்க்காமல் திருப்பத்தைத் தேடிக்கொண்டிருப்பார். பாத்திரங்களைப் பற்றியும் ஊரைப் பற்றியும் வசனத்தைப் பற்றியும் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.

வயதான அம்மாவுக்குப் புதிதாக ஏதாவது காட்ட வேண்டும். அவர் சீரியலை விட்டு வர மறுக்கிறார்.

அவரது சீரியல் நேரத்தில் கை வைக்காதீர்கள்; அது தொடர் மட்டுமல்ல, மாத்திரை, சாப்பாடு, உறக்கம் எல்லாம் அதைச் சுற்றித்தான் அமைந்திருக்கிறது. பிற்பகலில் முயன்று பாருங்கள். ஓடிடியில் எழுத்து பொடியாக இருக்கும், சப்டைட்டில் ஓடிவிடும். ஆகவே தமிழிலேயே எடுத்ததாக இருக்கட்டும். பெயர்கள் அதிகம் இல்லாத கதை நல்லது. முதல் எபிசோடை நீங்களும் கூட உட்கார்ந்து பாருங்கள். அவர் கேட்கும் கேள்விகளுக்குச் சலிக்காமல் விடை சொல்லுங்கள்.

என் அம்மாவுக்கு ‘அயலி’யைப் போட்டுவிட்டு நான் அடுத்த அறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். பாதியில் நிறுத்திவிட்டுக் கூப்பிட்டார். தொழில்நுட்பச் சிக்கல் என்று நினைத்து ஓடினேன். “எங்க ஊரிலும் எட்டாம் வகுப்போடு நிறுத்திட்டாங்கப்பா. நான் கணக்கில் முதல்” என்றார். எனக்கு அது அதுவரை தெரியாது. அன்றைக்குத் தொடர் அங்கேயே நின்றது; மாலை சீரியல் நேரம் வரும்வரை அவர் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மீதியை மறுநாள் பார்த்தோம்.

இவற்றையெல்லாம் எங்கே பார்ப்பது?

அமேசான் பிரைம்: சுழல், வதந்தி, இன்ஸ்பெக்டர் ரிஷி, தலைவெட்டியான் பாளையம், ஸ்வீட் காரம் காபி. ஜீ5: அயலி, விலங்கு, ஐந்தாம் வேதம். ஜியோஹாட்ஸ்டார்: ஹார்ட் பீட், கேரளா கிரைம் ஃபைல்ஸ், விஜய் டிவி தொடர்கள். சன் டிவி தொடர்களுக்கு சன் நெக்ஸ்ட். பழைய தொடர்கள் பலவற்றைத் தயாரித்தவர்களே யூடியூபில் ஏற்றியிருக்கிறார்கள். தொடரின் பெயரோடு எபிசோடு எண்ணையும் சேர்த்துத் தேடினால் வரிசை தவறாமல் கிடைக்கும். இத்தனை தளங்களுக்கும் ஒரே மாதத்தில் பணம் கட்டத் தேவையில்லை. ஒரு மாதம் ஒன்று, அதில் பார்க்க வேண்டியதை முடித்துவிட்டு அடுத்த மாதம் மற்றொன்று என்று மாற்றிக்கொள்ளுங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியை மட்டும் முதல் நாளே அணைத்துவிடுங்கள்.